கணினியில் மெசேஜ் போகவில்லையா? முதலில் போனை எடுங்கள்

உலகின் முதல் எஸ்எம்எஸ் போனிலிருந்து போகவில்லை, கணினியிலிருந்துதான் போனது. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் என்ற 22 வயதுப் பொறியாளர் தன் கணினியில் ‘மெர்ரி கிறிஸ்துமஸ்’ என்று தட்டி, வோடஃபோனில் இருந்த ரிச்சர்ட் ஜார்விஸின் போனுக்கு அனுப்பினார். அன்று அந்தக் கணினி நேராக மொபைல் நெட்வொர்க்கோடு பேசியது. இன்று நம் மேசையில் இருக்கும் கணினிக்கு அந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. அதில் சிம் இல்லை, உங்கள் எண்ணும் இல்லை. கணினியில் நீங்கள் தட்டுகிற எஸ்எம்எஸ் முதலில் உங்கள் போனுக்குப் போகிறது. போன்தான் அதைத் தன் சிம் வழியாக வெளியே அனுப்புகிறது. பதில் வந்தாலும் அப்படித்தான்: போனுக்கு வந்து, அங்கிருந்து கணினித் திரைக்கு.

இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்க வீணடித்திருக்கிறேன். அனுப்பிய செய்தி எல்லாம் ‘அனுப்பப்படுகிறது’ என்றே நின்றது. பிரவுசரை மாற்றினேன், மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினேன், கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன். கடைசியில் மணி பார்க்கப் போனை எடுத்தபோதுதான், திரையின் மேல் ஓரத்தில் குட்டி விமானப் படம் தெரிந்தது. மதியம் தூங்குவதற்காக நானே ஏரோபிளேன் மோடில் போட்டிருக்கிறேன். வைஃபையை மட்டும் பிறகு ஆன் செய்ததால் கணினியும் போனும் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தன. போனுக்குத்தான் வெளியே போக வழியில்லை.

ஆகவே ஒரு செய்தியின் பயணத்தை மூன்று துண்டாகப் பார்க்கப் பழகுங்கள். கணினியிலிருந்து உங்கள் போன்வரை ஒன்று. உங்கள் போனிலிருந்து மொபைல் நெட்வொர்க்வரை இன்னொன்று. அங்கிருந்து எதிராளியின் போன்வரை மூன்றாவது. எந்தத் துண்டில் அறுந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முன் எந்த செட்டிங்ஸையும் தொடாதீர்கள்.

முதல் படி: போனிலிருந்தே அனுப்பிப் பாருங்கள்

கணினியை அப்படியே விட்டுவிடுங்கள். போனைக் கையில் எடுத்து, அதே ஆளுக்கு, அதே மெசேஜ் ஆப்பிலிருந்து ‘சோதனை’ என்று ஒரு சொல் அனுப்புங்கள். அப்புறம் வேறொருவருக்கும் அதையே அனுப்புங்கள்.

இருவருக்கும் போய்விட்டதா? அப்படியானால் இரண்டாம், மூன்றாம் துண்டுகள் சரி. கோளாறு கணினிக்கும் போனுக்கும் நடுவில். இரண்டாம் படிக்குப் போங்கள். ஒருவருக்குப் போய் மற்றவருக்குப் போகவில்லை என்றால் சிக்கல் அந்த எண்ணைச் சார்ந்தது. அதைப் பின்னால் பார்ப்போம். இருவருக்குமே போகவில்லை என்றால் கணினிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் கடைசி நிலையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். சிக்னல் இருக்கிறதா, ஏரோபிளேன் மோடு அணைந்திருக்கிறதா, எஸ்எம்எஸ் அனுப்ப சிம்மில் திட்டமோ இருப்போ இருக்கிறதா. இரண்டு சிம் போட்டிருந்தால் மெசேஜ் எந்த சிம்மிலிருந்து போகிறது என்று பாருங்கள். செய்தி அனுப்பத் தானாகத் தேர்வாகும் சிம் காலாவதியானதாக இருந்தால், கணினியிலிருந்து அனுப்புவதும் அதன் வழியாகவே போக முயன்று தோற்கும். போனில் சேமிப்பிடம் முழுக்க நிறைந்துபோனாலும் புதிய செய்திகள் உள்ளே வராமல் நிற்கலாம். இதெல்லாம் சரியாக இருந்து, அழைப்பு போகிறது, எஸ்எம்எஸ் மட்டும் யாருக்கும் போகவில்லை என்றால் சிம்மில் பதிந்துள்ள செய்தி மையத்தின் எண் தவறாகியிருக்கலாம். எஸ்எம்எஸ் எல்லாம் முதலில் அந்த மையத்துக்குப் போய், அங்கிருந்துதான் உரியவருக்குப் போகும். சரியான எண்ணை உங்கள் மொபைல் சேவை நிறுவனம்தான் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

இரண்டாம் படி: கணினிக்கும் போனுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் எல்லா இணைப்பும் ஒரே மாதிரி இல்லை. நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்களோ அதை மட்டும் படித்தால் போதும்.

கூகுள் மெசேஜஸ் ஆப்பை பிரவுசரில் திறந்து பயன்படுத்துகிறீர்கள் என்றால், கணினியும் போனும் இணையம் வழியாகப் பேசுகின்றன. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டிலும் இணையம் இருந்தே ஆக வேண்டும். போனில் டேட்டா நின்றுவிட்டால் எஸ்எம்எஸ் போனுக்கு வரும், கணினிக்கு வராது. ‘போனோடு இணைக்க முடியவில்லை’ என்ற பட்டை கணினியில் தெரிந்தால் முதலில் போனில் ஏதாவது ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையா, காரணம் அதுதான்.

பக்கம் திறக்கிறது, ஆனாலும் இணைப்பு விட்டு விட்டு வருகிறது என்றால் என் சந்தேகம் எப்போதும் பேட்டரி மீதுதான் விழும். ஆன்ட்ராய்டு போன்கள் சார்ஜை மிச்சப்படுத்த, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பின்னணியில் ஓடும் ஆப்களைத் தூங்க வைக்கும். சில நிறுவனங்களின் போன்கள் இதில் ரொம்பவே கறார். போனைக் கையில் எடுத்துத் திரையைத் திறந்ததும் கணினியில் செய்திகள் மொத்தமாக வந்து கொட்டினால் சந்தேகமே வேண்டாம், இதுதான் கோளாறு. போனின் செட்டிங்ஸில் ஆப்கள் பட்டியலுக்குப் போய், மெசேஜஸ் ஆப்பைத் தட்டி, பேட்டரி என்ற பகுதியில் கட்டுப்பாடு வேண்டாம் என்ற தேர்வை வையுங்கள். பேட்டரி சேவர் ஆன் ஆகியிருந்தால் அதையும் அணையுங்கள்.

தினமும் காலையில் க்யூஆர் கோடைத் திரும்ப ஸ்கேன் செய்யச் சொல்கிறதா? போன்மீது பழி போட வேண்டாம், பிரவுசர்தான் மறந்துபோகிறது. மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்திருப்பீர்கள். அல்லது மூடும்போது குக்கீகளை (தளங்கள் உங்களை அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகளை) அழிக்கும்படி பிரவுசரில் அமைத்திருப்பீர்கள். அல்லது ‘இந்தக் கணினியை நினைவில் வை’ என்பதை ஆன் செய்யாமல் விட்டிருப்பீர்கள். பிரவுசரின் இரண்டு டேப்களில் அதே பக்கம் திறந்திருந்தால் ஒன்றில் மட்டும்தான் வேலை செய்யும். ‘இங்கே பயன்படுத்து’ என்ற பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். இன்னொன்று, யாருக்கும் சட்டென்று தோன்றாதது: கணினியின் கடிகாரம். தேதியோ ஆண்டோ தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றிதழ்களைப் பிரவுசர் ஏற்காது, பக்கமே திறக்காது. பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் இப்படி நடக்கும்.

விண்டோஸின் போன் லிங்க் (முன்பு ‘யுவர் போன்’ என்ற பெயரில் இருந்தது, 2022-இல் பெயர் மாறியது) கொஞ்சம் வேறு கதை. ஆன்ட்ராய்டு போனில் அதன் ஜோடியான ‘லிங்க் டு விண்டோஸ்’ ஆப் ஓட வேண்டும். அதற்கு எஸ்எம்எஸ், தொடர்புகள், அறிவிப்புகள் ஆகிய மூன்று அனுமதிகளையும் கொடுத்திருக்க வேண்டும். பெயருக்குப் பதில் வெறும் எண்கள் தெரிந்தால் தொடர்புகள் அனுமதி இல்லை என்று பொருள். வெளியே இருக்கும்போது மட்டும் வேலை செய்யவில்லை என்றால், மொபைல் டேட்டாவிலும் ஒத்திசைக்கும் தேர்வை அந்த ஆப்புக்குள் தேடி ஆன் செய்யுங்கள். பழைய செய்திகள் காணோமே என்று பதற வேண்டாம். அது அண்மைக் காலத்துச் செய்திகளை மட்டுமே காட்டும். மற்றவை போனில் பத்திரமாக இருக்கும்.

போன் லிங்கில் இன்னொரு பொறி உண்டு. எதிராளி அனுப்பியது போனில் இருக்கிறது, கணினியில் இல்லை. ஆனால் வங்கியிலிருந்து வரும் செய்திகள் மட்டும் ஒழுங்காக வருகின்றன. அப்படியானால் அந்த உரையாடல் எஸ்எம்எஸ் அல்ல, ஆர்சிஎஸ். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஆர்சிஎஸ் இணையம் வழியாகப் போகும் வேறு வகைச் செய்தி. பெரும்பாலான போன்களில் போன் லிங்க் அதைப் படிக்காது. கூகுள் மெசேஜஸின் பிரவுசர் பக்கம் படிக்கும். ஆர்சிஎஸ்ஸை அணைப்பதைவிட பிரவுசருக்கு மாறிக்கொள்வதே நல்லது என்பேன்.

ஐபோனையும் விண்டோஸையும் போன் லிங்க் மூலம் இணைத்தவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பு ப்ளூடூத் வழியாக நடக்கிறது. போன் பக்கத்து அறைக்குப் போனாலே அறுந்துவிடலாம். இணைப்பில் இருக்கும்போது வந்த, போன செய்திகள்தான் தெரியும். குழு உரையாடல், படம் அனுப்புவது எல்லாம் ஒத்துவராது. செய்தி வரவே இல்லை என்றால் ஐபோனின் ப்ளூடூத் பட்டியலில் உங்கள் கணினிப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘i’ குறியைத் தட்டி, அறிவிப்புகளைக் காட்டுவதும் தொடர்புகளை ஒத்திசைப்பதும் ஆன் ஆகியிருக்கின்றனவா பாருங்கள். பத்தில் எட்டு பேர் மறப்பது இந்த இரண்டைத்தான் என்று தோன்றுகிறது.

ஐபோனும் மேக் கணினியும் வைத்திருப்பவர்களுக்கு வழக்கமாக வரும் குழப்பம் இது: நீலக் குமிழிச் செய்தி மேக்கிலிருந்து போகிறது, பச்சைக் குமிழி போகமாட்டேன் என்கிறது. நீலம் ஐமெசேஜ், அது இணையம் வழியாக மேக்கிலிருந்தே நேராகப் போகும், போன் அணைந்திருந்தாலும் கவலை இல்லை. பச்சை என்பது எஸ்எம்எஸ் அல்லது ஆர்சிஎஸ். அதற்குப் போன் வேண்டும். போனில் மெசேஜஸ் அமைப்புக்குள் ‘டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வார்டிங்’ என்ற இடத்தில் உங்கள் மேக்கின் பெயருக்கு எதிரே பொத்தானை ஆன் செய்யுங்கள். பட்டியலில் மேக்கே இல்லையென்றால் இரண்டிலும் வேறு வேறு ஆப்பிள் கணக்கு இருக்கிறது, அல்லது ஒன்றில் ஐமெசேஜ் அணைந்திருக்கிறது.

லினக்ஸ் ஆட்கள் விரும்பும் கேடிஇ கனெக்ட் என்ற ஆப் இணையத்தை நம்புவதில்லை. உள்ளூர் நெட்வொர்க்கிலேயே போனைத் தேடும். எனவே இங்கு மட்டும் இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் இருந்தால், கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் தடுத்துவைத்திருக்கும். கணினியில் ஃபயர்வால் இருந்தால் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்களை டிசிபி, யூடிபி இரண்டிலும் திறந்துவிட வேண்டும். ஐபோனில் இந்த ஆப் இருந்தாலும் எஸ்எம்எஸ் வசதி கிடையாது.

வாட்ஸ்அப் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வரி: அதில் போன் அணைந்திருந்தாலும் கணினியில் ஓடும். ஆனால் போனில் வாட்ஸ்அப்பை 14 நாளுக்குத் திறக்காமல் இருந்தால் கணினிகளின் இணைப்பு துண்டிக்கப்படும்.

செய்தி வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை

இதைப் பெரிய கோளாறு என்று நினைத்துக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. ஒருநாள் சித்தி போன் செய்து, “கம்ப்யூட்டர்ல மெசேஜே வரமாட்டேங்குதுப்பா” என்றார். “பக்கத்தைத் திறந்து பாருங்க சித்தி, உள்ள இருக்கா?” என்றேன். “உள்ள எல்லாம் இருக்கு. ஆனா வந்தா சொல்லவே மாட்டேங்குது.” சரி, அது செய்திச் சிக்கல் அல்ல, அறிவிப்புச் சிக்கல். மூன்று இடத்தில் அனுமதி வேண்டும்: அந்த இணையப் பக்கத்துக்குப் பிரவுசர் தரும் அனுமதி, பிரவுசருக்கு விண்டோஸோ மேக்கோ தரும் அனுமதி, அப்புறம் கணினியின் ‘தொந்தரவு செய்யாதே’ அணைந்திருப்பது. சித்தி விஷயத்தில் மூன்றாவதுதான்.

தமிழில் அனுப்பினால் மட்டும் ஏன் தகராறு?

கணினியில் விரல் வேகமாக ஓடும். போனில் இரண்டு வரி எழுதுகிறவர்கள் கணினியில் இரண்டு பத்தி எழுதுவார்கள். அங்கேதான் எஸ்எம்எஸ்ஸின் பழைய எல்லை வந்து இடிக்கிறது. ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்) மட்டுமே அடங்கும். ஆங்கில எழுத்துகளை 7 பிட்டில் அடக்கிவிடலாம் என்பதால் 160 எழுத்து கிடைக்கிறது. தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும், ஆக 70தான். அந்த எழுபதும் நம் கண் எண்ணுகிற எழுபது அல்ல. ‘நாளை’ என்பது நமக்கு இரண்டு எழுத்து. போனுக்கு ந, துணைக்கால், ள, ஐகாரக் குறி என்று நான்கு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து. இரண்டு புள்ளிகளையும் சேர்த்து எண்ணுவதால் போனுக்கு ஏழு. ‘ஸ்ரீ’ என்ற ஒற்றை எழுத்து நான்கு இடம் பிடிக்கும்.

எல்லையைத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போய், எதிர்முனைப் போனில் ஒட்டப்படும். ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டுமே. அதனால் துண்டு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 என்று குறையும். ஒவ்வொரு துண்டும் தனி எஸ்எம்எஸ்ஸாகத்தான் கணக்கில் சேரும். ஒரு துண்டு வழியில் தாமதமானால் எதிராளிக்கு முழுச் செய்தியும் காத்திருக்கும், அல்லது பாதி மட்டும் காட்டும். நீளமான செய்தி மட்டும் போய்ச் சேராமல் குட்டிச் செய்தி போகிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள், இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்.

ஆங்கிலச் செய்தியிலும் இதே கண்ணி இருக்கிறது. வேர்ட் போன்ற மென்பொருளில் எழுதியதை அப்படியே எடுத்து ஒட்டினால், வளைந்த மேற்கோள் குறிகளும் நீளக் கோடும் கூடவே வரும். அவை 7 பிட் பட்டியலில் இல்லாதவை. அப்படி ஒரே ஒரு குறி இருந்தாலும் முழுச் செய்தியும் 16 பிட்டுக்கு மாறி, 160 எழுத்து 70 ஆகிவிடும். எமோஜி ஒன்று சேர்ந்தாலும் அதே கதை. நோட்பேடில் ஒட்டி, நேரான மேற்கோள் குறிகளாக மாற்றிவிட்டு அனுப்பினால் வம்பில்லை.

தமிழ் எழுத்துக்குப் பதில் எதிராளிக்கு என்ன தெரிகிறது என்று கேளுங்கள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் செய்தி ஒழுங்காகப் போயிருக்கிறது, அவர் போனில் தமிழ் எழுத்துரு இல்லை. கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் வழியிலேயே எழுத்து சிதைந்துவிட்டது. உங்கள் போனின் மெசேஜ் அமைப்புகளில் எழுத்து வகையைத் தேர்வுசெய்யும் இடம் இருந்தால் தானியங்கி அல்லது யூனிகோடு என்று வையுங்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் போகவில்லை

எண்ணைப் பாருங்கள். கணினியில் சேமித்த தொடர்புகளில் நாட்டுக் குறியீடு விட்டுப்போவது சாதாரணம். கூட்டல் குறியோடு முழு எண்ணாக எழுதிச் சேமித்தால் எங்கிருந்தும் போகும். அனுப்பியவர் இடத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்தில் பெயர் இருந்தால் அது நிறுவனங்களின் அனுப்புநர் பெயர். அதற்குப் பதில் அனுப்ப முடியாது. சில ஆப்கள் கீழே எழுதும் பெட்டியைக் காட்டி ஏமாற்றும், நீங்களும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பீர்கள்.

எதிராளி ஐபோனை விட்டு ஆன்ட்ராய்டுக்கு மாறியவரா? அப்படியானால் மற்ற ஐபோன்கள் அவர் எண்ணுக்கு இன்னும் ஐமெசேஜாகவே அனுப்பிக்கொண்டிருக்கலாம். அவை அவருக்குப் போய்ச் சேராது. எண்ணை ஐமெசேஜிலிருந்து விலக்கிக்கொள்ள ஆப்பிள் 2014 முதல் ஒரு இணையப் பக்கம் வைத்திருக்கிறது. விலக்க வேண்டியவர் அவர்தான், நீங்கள் அல்ல. ஆர்சிஎஸ் செய்தி ‘அனுப்பப்பட்டது’ என்பதோடு நின்று, போய்ச் சேர்ந்ததாகக் காட்டாவிட்டால், எதிராளியிடம் இணையம் இல்லாமல் இருக்கலாம்; அந்தச் செய்தியைப் போனில் அழுத்திப் பிடித்து எஸ்எம்எஸ்ஸாக அனுப்பிப் பாருங்கள்.

ஒரே செய்தியை வரிசையாகப் பலருக்கு அனுப்புகிறவர்கள் போன் திரை கண்ணில் படும்படி வையுங்கள். ஒரு ஆப் குறுகிய நேரத்தில் ஏராளமான எஸ்எம்எஸ் அனுப்ப முயன்றால் ஆன்ட்ராய்டு நிறுத்தி அனுமதி கேட்கலாம். கேள்வி போன் திரையில் காத்திருக்கும், நீங்கள் கணினி முன்னால் காத்திருப்பீர்கள்.

படம் மட்டும் போகவில்லை என்றால் அது எம்எம்எஸ் சிக்கல். எம்எம்எஸ்ஸுக்குப் பல சேவைகளில் வைஃபை போதாது, மொபைல் டேட்டா ஆன் ஆகியிருக்க வேண்டும்.

மின்னஞ்சலிலிருந்து எஸ்எம்எஸ்

பழைய வழிகாட்டிகளில் போன் எண்ணை மின்னஞ்சல் முகவரிபோல் எழுதி அனுப்பினால் எஸ்எம்எஸ்ஸாகப் போகும் என்று இருக்கும். ஒரு காலத்தில் சில நாடுகளில் போனதுதான். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி அந்த வழியை 2025 ஜூன் 17 அன்று மூடிவிட்டது. அதை நம்பிப் புதிதாக எதையும் அமைக்காதீர்கள். இலவசமாக எஸ்எம்எஸ் அனுப்பும் இணையத்தளங்களும் எனக்கு உவப்பில்லை. செய்தி உங்கள் எண்ணிலிருந்து போகாது, பதிலும் உங்களுக்கு வராது, எழுதியது எல்லாம் முன்பின் தெரியாதவர் கண்ணில் படும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

இணைப்பை அறுத்துப் புதிதாகப் போடுங்கள், ஆனால் வரிசை முக்கியம். முதலில் போனில் இருக்கும் இணைந்த கருவிகள் பட்டியலிலிருந்து கணினியை நீக்குங்கள். அடுத்து கணினியில் வெளியேறி, அந்தத் தளத்தின் குக்கீகளை அழியுங்கள். ப்ளூடூத் இணைப்பாக இருந்தால் இரண்டு பக்கமும் ‘மறந்துவிடு’ கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மறந்தால் மறுபக்கம் பழைய நினைப்பிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். போனை அணைத்துப் போட்டு, ஆப்பைப் புதுப்பித்து, பிறகு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். இதனால் போனில் உள்ள செய்திகள் எதுவும் அழியாது.

அந்தப் பட்டியலைத் திறந்த கையோடு முழுவதையும் ஒருமுறை பாருங்கள். எப்போதோ அவசரத்துக்கு வேறு யாருடைய கணினியிலாவது ஸ்கேன் செய்திருப்பீர்கள். அது இன்னும் இணைப்பில் இருந்தால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அந்தத் திரையிலும் தெரியும். அடையாளம் தெரியாத கணினி ஒன்று இருந்தாலும் உடனே நீக்கிவிடுங்கள்.